தொட்டிக் கரியில் சோடியம் பேட்டரி: மானியம் கேட்கப் போகிறவர்களுக்கு

ஒரு பேட்டரி செல்லை நிதானமான வேகத்தில் ஏற்ற இரண்டு மணி நேரம், இறக்க இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படி ஒருமுறை ஏற்றி இறக்குவது ஒரு சைக்கிள். அதை 1000 முறை செய்து காட்ட 4000 மணி நேரம் வேண்டும். சோதனைக் கருவியை ஒரு நிமிடம் நிறுத்தாமல் ஓட்டினாலும் ஐந்தரை மாதம். வேகத்தை இரட்டிப்பாக்கினால் பாதியாகக் குறையும். ஆனால் வேகமாக ஓட்டிய செல்லின் ஆயுளை வைத்து மெதுவாக ஓடப்போகும் செல்லின் ஆயுளைச் சொன்னால் விவரம் தெரிந்தவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

மானிய விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். மானியம் மொத்தமாகக் கைக்கு வருவதில்லை, தவணையாக வருகிறது. ஒவ்வொரு தவணைக்கும் ஒரு மைல்ஸ்டோன் உண்டு. இரண்டாம் தவணைக்கு "1000 சைக்கிள் முடித்துக் காட்டுவோம்" என்று எழுதிவிட்டால், அந்த ஐந்தரை மாதமும் ஆய்வக வாடகையும் பையன்களின் சம்பளமும் எங்கிருந்து வரும்? செல் அதன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். பணம் வராது. யார் மேலும் தப்பு இல்லை, எழுதியது அப்படி.

நாங்கள் பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய்த் தொட்டியிலிருந்து, அதாவது சிரட்டையிலிருந்து, ஹார்ட் கார்பன் செய்கிறோம். சோடியம் அயான் பேட்டரியின் எதிர்முனைக்கு அதுதான் பொருள். லிதியம் பேட்டரியில் அந்த இடத்தில் கிராஃபைட் இருக்கும். சோடியம் அயனி லிதியத்தைவிடப் பெரியது, கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் ஒழுங்காகப் போய் உட்காராது. அடுக்குகள் தாறுமாறாகக் கலைந்து, நடுநடுவே நுண்ணிய பொந்துகள் உள்ள கரிதான் அதைப் பிடித்து வைக்கும். தேங்காய்த் தொட்டியைச் சரியாகச் சுட்டால் கிட்டத்தட்ட அப்படிப்பட்ட கரி கிடைக்கும். ஜப்பானில் குராரே நிறுவனம் தாவர மூலத்திலிருந்து ஹார்ட் கார்பன் செய்து விற்கிறது. காங்கேயத்தையும் பொள்ளாச்சியையும் சுற்றி மலைபோல் தொட்டி குவிந்து கிடக்கும்போது நாம் ஏன் செய்யக்கூடாது என்பதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

சொல்வது சுலபம். தொட்டிக் கரியில் பொட்டாசியமும் சிலிக்காவும் சாம்பலாக ஒட்டிக்கொண்டிருக்கும். நீர்த்த அமிலத்தில் ஊற வைத்து, கழுவிய தண்ணீர் நடுநிலைக்கு வரும்வரை அலசி, உலர்த்தி, ஆர்கான் வாயுவில் 1300 டிகிரி வரை சூடேற்ற வேண்டும். குழாய் ஃபர்னஸ் ஏறுவதற்கே அரை நாள் போய்விடும், ஆறுவதற்கு ராத்திரி முழுக்க. ஒரு நாளைக்கு ஒரு சூடுதான், அதிலும் சில பத்து கிராம். சோதனைக்கென்று காசு வடிவத்தில் செய்யும் சிறிய காயின் செல்லுக்கு அது தாராளம். சட்டைப் பை அளவு பவுச் செல் என்று போனால் நூற்றுக்கணக்கான கிராம், அதுவும் எல்லாம் ஒரே தரத்தில் வேண்டும்.

அந்த ஒரே தரம்தான் எங்கள் உயிரை வாங்கியது. கரி கொடுக்கும் அண்ணனுக்கு எங்கள் தேவை விசித்திரமாக இருந்தது.

"ஏன் அம்மிணி, கரி கரிதானே? எந்தத் தோப்புத் தொட்டியா இருந்தா என்ன?"

"ஆக்டிவேட்டட் கார்பனுக்குன்னா சரிங்கண்ணா. எங்களுக்கு மண்ணு கலந்தா, சாம்பல் கூடுனா, பேட்டரி முதல் நாளே படுத்துருங்க."

குழியில் சுட்ட கரியில் மண் கலக்கும். டிரம்மில் சுட்டதில் குறைவு. முற்றாத காயின் தொட்டி ஒரு மாதிரி, கொப்பரைக்கு உடைத்ததன் தொட்டி வேறு மாதிரி. கடைசியில் ஒரே களத்தில் கொப்பரைக்கு உடைத்த தொட்டியை மட்டும் வாங்கி, டிரம்மில் நாங்களே முதல் சுடு சுட ஆரம்பித்தோம். 2025இல் தேங்காய் விலை எகிறியபோது தொட்டி விலையும் கூடவே ஏறியது. பட்ஜெட்டில் மூலப்பொருளுக்கென்று எழுதிய தொகையைப் பார்த்தால் சிரிப்புத்தான் வந்தது. தோப்பு வைத்திருந்தவர்கள் முகத்திலும் அந்த வருடம் சிரிப்பு இருந்தது, அது வேறு சிரிப்பு.

இந்தத் தொட்டிப் பிரச்சினையிலிருந்துதான் எங்களுக்கு நல்ல மைல்ஸ்டோன் கிடைத்தது. வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் சொன்னது: "எது முடிய ரெண்டு மூணு நாள் ஆகுமோ, எது தப்பா வந்தாலும் உடனே திரும்பச் செய்ய முடியுமோ, அதைத் தவணையோட கட்டுங்க. எதுக்கு மாசக்கணக்கா ஆகுமோ, அதை அறிக்கையில தகவலா மட்டும் கொடுங்க." அதன்படி எழுதினோம். முதல் தவணைக்கு, கழுவிய கரியில் சாம்பல் இவ்வளவுக்கு மேல் இருக்காது. இரண்டாவதற்கு, காயின் செல்லில் கிராமுக்கு 300 மில்லி ஆம்பியர் மணியை ஒட்டிய கொள்ளளவும், முதல் சுற்றில் உள்ளே போன சோடியத்தில் எத்தனை விழுக்காடு திரும்பி வந்தது என்ற அளவும். மூன்றாவதற்கு, அடுத்தடுத்துச் சுட்ட தொகுதிகளுக்குள் அந்த அளவுகள் எவ்வளவு விலகலாம் என்ற வரம்பு. சைக்கிள் ஆயுளை "அறிக்கை நாள்வரை ஓடியது இவ்வளவு, கொள்ளளவு மீதி இவ்வளவு" என்று மட்டும் போட்டோம்.

முதல் சுற்றில் திரும்பி வரும் அளவு சாதாரண எண் இல்லை. 100 அயனி உள்ளே போய் 80 தான் திரும்பி வந்தால், மீதி 20 நேர்முனைப் பொருளிலிருந்து பறிபோனது. அந்த இழப்பை ஈடுகட்ட நேர்முனைப் பொருளைக் கூடுதலாக வைக்க வேண்டும், செல்லின் எடையும் விலையும் ஏறும். ஆக ஒரு செல் நிறுவனம் உங்கள் கரியை வாங்குமா மாட்டாதா என்பதை இந்த எண்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. இரண்டே நாளில் அளந்துவிடலாம், மதிப்பீட்டாளருக்கும் புரியும், வாங்குபவருக்கும் வேண்டியது அதுதான். மைல்ஸ்டோனாக எழுத இதைவிடத் தோதான எண் எனக்குத் தெரிந்து இல்லை.

பணம் எங்கே இருக்கிறது என்று பலர் கேட்கிறார்கள். எங்கே என்பதைவிட எந்த வரிசையில் கேட்கிறோம் என்பதுதான் முக்கியம். மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை, நிதி பிரயாஸ் திட்டத்தில், முன்மாதிரி செய்ய ரூ.10 லட்சம் வரை, புது நிறுவனங்களை வளர்த்துவிடும் இன்குபேட்டர் மையங்கள் வழியாகக் கொடுக்கிறது. யோசனை மட்டும் கையில் இருக்கும் கட்டத்துக்கு அது பொருத்தம். 2021இல் ரூ.945 கோடியில் தொடங்கிய ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதியில், கருத்தை நிரூபிக்க ரூ.20 லட்சம் வரை மானியமாகவும், சந்தைக்குப் போகும் கட்டத்தில் ரூ.50 லட்சம் வரை கடனாகவோ பங்காக மாற்றிக்கொள்ளும் பத்திரமாகவோ கிடைக்கும். இதில் இரண்டு கண்ணிகள். விண்ணப்பிக்கும்போது நிறுவனம் பதிவாகி இரண்டு ஆண்டு தாண்டியிருக்கக் கூடாது. வேறு மத்திய, மாநிலத் திட்டங்களில் ரூ.10 லட்சத்துக்கு மேல் பண உதவி வாங்கியிருக்கவும் கூடாது. அப்படியென்றால் ஆர்வக்கோளாறில் முதல் நாளே கம்பெனி பதிவு செய்துவிட்டு ஆய்வகத்தில் இரண்டு வருடம் கரியைச் சுட்டுக்கொண்டிருந்தால் இந்தக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். மாநில அரசின் டான்சீட் நிதியில் பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கும் பசுமைத் தொழில்நுட்பத்துக்கும் மற்றவர்களைவிடக் கூடுதல் தொகை உண்டு. பதிலுக்கு அதை நடத்தும் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பு நம் நிறுவனத்தில் சிறு பங்கை எடுத்துக்கொள்ளும். அதை முதலில் வாங்கினால் மற்றதற்குத் தகுதி போகுமா என்று ஒவ்வொரு அறிவிக்கையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

விதை நிதியில் இன்னொரு விதி இருக்கிறது. அந்தப் பணத்தில் சொந்தமாக வசதி எதையும் கட்டிக்கொள்ளக் கூடாது. பேட்டரிக்காரர்களுக்கு இது நேராக நெஞ்சில் குத்தும் விதி. எங்களுக்கு ஃபர்னஸும் குளோவ் பாக்ஸும் இல்லாமல் ஒரு நாள்கூட நகராது. ஈரப்பதமும் ஆக்சிஜனும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருக்கும் பெட்டிக்குள்தான் செல்லை மூட முடியும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் பொள்ளாச்சியில் திறந்த மேசையில் நடக்கிற வேலை இல்லை. வழி என்னவென்றால், கருவி இருக்கும் கல்லூரியோடோ ஆய்வகத்தோடோ முன்பே ஒப்பந்தம் போட்டு, மணிக்கணக்கில் கட்டணம் கட்டிப் பயன்படுத்துவது. அது சோதனைச் செலவில் வரும், கேள்வி எழாது.

காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருப்பது நம் மாநிலத்துப் பேட்டரி ஆட்களுக்குப் பெரிய கொடுப்பினை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் ரூ.15 லட்சமும் கொடுத்தார், 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார், 1953 பொங்கல் நாளில் திறந்தார்கள். அன்றைக்குத் தனியார் ஒருவர் அரசுக்கு மானியம் கொடுத்திருக்கிறார். இன்றைக்கு நாம் அரசு மானியத்துக்கு வரிசையில் நிற்கிறோம்.

நிபுணர் குழுவின் முன்னால் நிற்கும்போது எல்லாருக்கும் விழும் கேள்வி ஒன்று எங்களுக்கும் விழுந்தது: "லிதியம் விலைதான் விழுந்துடுச்சே, இனிமே சோடியம் எதுக்கு?" நியாயமான கேள்வி. சீனாவில் 2022 நவம்பரில் டன்னுக்கு 6 லட்சம் யுவானைத் தொட்ட லிதியம் கார்பனேட், 2024 தொடக்கத்தில் ஒரு லட்சம் யுவானை ஒட்டி வந்து நின்றது. "சோடியம் மலிவு" என்ற ஒற்றைக் காலில் நின்ற விண்ணப்பங்கள் எல்லாம் அதோடு சாய்ந்தன. எங்கள் விண்ணப்பத்தில் விலையை முதல் பக்கத்தில் வைக்கவில்லை. சோடியம் அலுமினியத்தோடு கலக்காது என்பதால் இரண்டு முனைக்கும் அலுமினியத் தகடே போதும், செம்பு வேண்டாம். அதனாலேயே செல்லைச் சுழி வோல்ட் வரை இறக்கி, உயிரில்லாமல் லாரியில் ஏற்றி அனுப்பலாம். 2022இல் மின் ஸ்கூட்டர்கள் வரிசையாக எரிந்ததையும், அதன் பிறகு ஏஐஎஸ் 156 என்ற பேட்டரிப் பாதுகாப்பு விதிகளை இறுக்கியதையும் பார்த்த குழுவுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையே இருக்கவில்லை.

காருக்குப் போடுவோம் என்று சொல்லவே இல்லை. சீனாவின் சிஏடிஎல் 2021இல் அறிவித்த சோடியம் செல்லே கிலோவுக்கு 160 வாட் மணி என்றுதான் சொன்னது. கனம் பார்க்காத இடங்கள் நிறைய இருக்கின்றன: சோலார் தெருவிளக்கு, வீட்டு இன்வெர்ட்டர், செல்போன் கோபுரம். இன்வெர்ட்டருக்கு ஈய பேட்டரி வாங்கி, தண்ணீர் ஊற்றி, மூன்று நான்கு வருடத்தில் மாற்றுகிற குடும்பத்திடம் லிதியத்தோடு போட்டி போடத் தேவையில்லை. குழுவில் இருந்த ஒருவர் இந்த இடத்தில்தான் பேனாவை எடுத்தார்.

சாமான் வாங்குவது தனிக் கதை. மூன்று கொட்டேஷன், அதில் குறைந்த விலைக்காரருக்கு ஆர்டர் என்பது வழக்கம். குறைந்த விலைக்காரர் எப்போதும் கெட்டவர் இல்லை, ஆனால் நாம் எழுதிய விவரக்குறிப்பில் ஓட்டை இருந்தால் அந்த ஓட்டை வழியாகத்தான் சாமான் வரும். "1400 டிகிரி ஃபர்னஸ்" என்று மட்டும் எழுதினால், குழாயின் நட்டநடுவில் ஒரு சாண் இடத்தில் மட்டும் 1400 காட்டும் கருவியை இறக்கிவிட்டுப் போவார்கள். எத்தனை செ.மீ. நீளத்துக்கு வெப்பம் எவ்வளவு ஏற்ற இறக்கத்துக்குள் இருக்க வேண்டும், ஆர்கான் எவ்வளவு கசியலாம், இதையெல்லாம் நம் இடத்தில் நாமே அளந்து பார்த்த பிறகுதான் கடைசிப் பகுதிப் பணம் என்று பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள். எங்களுக்கு வந்த கருவியில் வெப்பம் சீராக இருந்த நீளம் சொன்னதைவிடக் குறைவு. அந்த வரி இருந்ததால் விற்றவரே வந்து சுருளை மாற்றிக் கொடுத்தார். கருவிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியைச் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். ஆர்கான் சிலிண்டர் வாடகை, அமிலம் கழுவிய தண்ணீரைச் சுத்திகரிக்கும் செலவு இரண்டும் ஆய்வகக் கட்டத்தில் கண்ணுக்குத் தெரியாது, கிலோக்கணக்குக்குப் போனதும் முகத்துக்கு நேராக வந்து நிற்கும். குழிக் கரிச் சூளைகளால் கிணற்றுத் தண்ணீர் கெட்டு, மக்கள் புகார் கொடுத்த பகுதி இது. மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவை "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப் போடக் கூடாது.

எங்கள் ஆடிட்டர் முதல் சந்திப்பிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்: "மேடம், கிராண்ட் காசையும் சேல்ஸ் காசையும் ஒரே அக்கவுண்ட்ல போட்டீங்கன்னா, யூசியில கையெழுத்துப் போட நான் வரமாட்டேன்." யூசி என்பது பயன்பாட்டுச் சான்றிதழ், மத்திய அரசின் பொது நிதி விதிகளில் 12 ஏ படிவம். அது போகாமல் அடுத்த தவணை நகராது. மானியம் வங்கியில் கிடந்து ஈட்டிய வட்டியும் நம்முடையது இல்லை, அரசின் தொகுப்பு நிதிக்குத் திருப்பிக் கட்ட வேண்டும். சம்பளத்துக்கு ஒதுக்கியதைக் கெமிக்கலுக்கு மாற்ற வேண்டுமானால் செலவழிக்கும் முன்பே எழுதிக் கேட்டு அனுமதி வாங்குவது நல்லது. செலவழித்துவிட்டுக் கேட்டால் பதில் பெரும்பாலும் மௌனம்தான்.

இன்னொன்று மார்ச் மாதம். நிதியாண்டு முடியும் அந்த வாரங்களில் பணம் திடீரென்று வரும், அல்லது திடீரென்று வராமல் போய் ஜூலை ஆகஸ்ட் ஆகிவிடும். ஒரு தவணை அப்படித்தான் ஒரு அலுவலகத்தின் மேசையில் தங்கிவிட்டது. கோப்பைப் பார்த்த அதிகாரி மாற்றலாகிப் போனார், புதியவர் முதலிலிருந்து படித்தார். அந்த மாதங்களை நாங்கள் கடந்தது மற்ற நிறுவனங்களுக்குச் சாம்பல் சோதனையும் காயின் செல் சோதனையும் செய்துகொடுத்த கூலியில். மானியத்தில் ஓடும் நிறுவனம் எதுவானாலும் நான்கைந்து மாதச் சம்பளத்தைத் தாங்கும் இப்படியொரு சிறு வருமானத்தை முன்கூட்டியே பழக்கி வைத்திருப்பது உத்தமம்.

காப்புரிமை விஷயத்தில் ஒரு சங்கதி பலருக்குத் தெரிவதில்லை. தேங்காய்த் தொட்டி உயிரியல் மூலப்பொருள். இந்திய உயிரியல் பொருளைப் பயன்படுத்தும் கண்டுபிடிப்பா என்று விண்ணப்பத்திலேயே அறிவிக்க வேண்டும்; பல்லுயிர்ச் சட்டத்தின் கேள்விகள் அங்கே கிளம்பும். தேசிய பல்லுயிர் ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது. நம் பொருளுக்கு விலக்கு உண்டா, பதிவு போதுமா என்பதைக் காப்புரிமை வழக்கறிஞரிடம் தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள். குழுவின் முன்னால் படம் போட்டு விளக்குவதற்கு முன்பு தற்காலிக விண்ணப்பத்தைப் போட்டுவிட்டால் 12 மாத அவகாசம் கிடைக்கும். ஸ்டார்ட்அப்களுக்குக் கட்டணத்தில் 80 சதவீதம் சலுகையும் உண்டு.

பெரிய தொகைகளைப் பற்றிச் செய்தித்தாளில் படித்துவிட்டு வருகிறவர்கள் கேட்பது 2021இல் அறிவித்த ரூ.18,100 கோடி பிஎல்ஐ திட்டத்தை. அது ஆராய்ச்சிக்கு இல்லை. நாடு முழுக்க மொத்தம் 50 கிகாவாட் மணி அளவுக்குத் தொழிற்சாலை போட்டு, செல் செய்து விற்றபின் கொடுக்கும் ஊக்கத்தொகை. ஓலா, ரிலையன்ஸ் போன்றவர்கள் ஆடும் களம். நமக்கு நெருக்கமானது அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் மின்வாகன இயக்கம். வெப்பமண்டலத்துக்கேற்ற பேட்டரி என்று அதில் தனிப் பிரிவே வைத்திருக்கிறார்கள். கல்வி நிறுவனங்களோடு கைகோத்துப் போவதுதான் அங்கே நடைமுறை. 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த ரூ.1 லட்சம் கோடி ஆராய்ச்சி நிதி, குறைந்த வட்டியிலோ வட்டியில்லாமலோ நீண்ட காலக் கடன். ஆய்வகத்தில் நிரூபித்து அடுத்த கட்டத்துக்குப் போகிறவர்களுக்கு.

எங்களையும் அதற்குப் போகச் சொல்கிறார்கள். நான் இப்போதைக்குப் போகவில்லை. அமெரிக்காவில் நாட்ரான் என்ற சோடியம் பேட்டரி நிறுவனம் 2020இல் அரசிடம் ஏறக்குறைய 2 கோடி டாலர் பெற்றது, மிச்சிகனில் ஆலையும் தொடங்கியது. 2025 செப்டம்பரில் மூடிவிட்டது. கையில் ஆர்டர் இருந்தும், பாதுகாப்புச் சான்றிதழ் வந்து சேராததால் அந்த ஆர்டர் பணத்தைத் தொட முடியவில்லை என்று செய்திகள் சொல்லின. கடன் வாங்கி ஃபர்னஸைப் பெரிதாக்குவது ஆறு மாத வேலை, எங்கள் கரியைப் போட்டுச் செல் நிறுவனம் ஒன்று தன் சோதனையை முடிப்பது அதைவிட நீண்ட வேலை. அந்த இரண்டாவது கடிகாரம் இப்போதுதான் ஓட ஆரம்பித்திருக்கிறது. இந்த மாதம் செல் செய்யும் இரண்டு இடங்களுக்கு, வெவ்வேறு தொகுதியில் சுட்ட கரியைக் கால் கிலோ வீதம் அனுப்பியிருக்கிறோம். இலவசமாக அனுப்பவில்லை. சிறு தொகையாவது வாங்கிக்கொண்டால்தான் அவர்கள் சோதனை வரிசையில் நம் பொட்டலத்துக்கு இடம் கிடைக்கிறது.